போர்டில் இருக்கிற அங்கீகாரம் உங்கள் மகனின் பிரிவுக்கும் உண்டா?

அம்பாசமுத்திரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் ப்ளஸ் டூவில் கணக்கில் 84, இயற்பியலில் 78, வேதியியலில் 72. கட்-ஆஃப் 159. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவன் அவன்தான். பாளையங்கோட்டையிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் உள்ள தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ் படிக்க ஆசைப்படுகிறான். அந்தப் பிரிவு அங்கே 2022இல் தொடங்கியது. வாசலில் 'நாக் ஏ பிளஸ், என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது' என்று பெரிய போர்டு. இந்தப் பிரிவுக்கும் என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியத்தின் சான்று) உண்டா என்று கேட்டதற்கு, "அப்ளை பண்ணியாச்சு அண்ணாச்சி, தம்பி படிச்சு முடிக்கதுக்குள்ள வந்துரும்" என்று பி.ஆர்.ஓ. சொல்லியிருக்கிறார். கலந்தாய்வுக்குக் காத்திருக்காமல் மேனேஜ்மென்ட் இடத்துக்கு 25,000 ரூபாய் முன்பணமும் அசல் மதிப்பெண் சான்றிதழும் கொடுங்கள் என்றும் கேட்டிருக்கிறார்.

இன்னொரு கல்லூரி பழையது. தன்னாட்சி இல்லை, பளபளப்பும் இல்லை. அதன் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன்) பிரிவுக்கு 30-06-2028 வரை என்.பி.ஏ. இருக்கிறது. வாசகரின் அக்கா மகன் குவைத்தில் எஞ்சினியர் என்ற பதவிப் பெயரில் இகாமா (அந்நாட்டில் தங்குவதற்கான அனுமதி) புதுப்பிக்கப் போய், படித்த கல்லூரிக்கு என்.பி.ஏ. இல்லாததால் மாட்டிக்கொண்டார். "என்.பி.ஏ. இல்லாத டிகிரி செல்லாதா? அரசு வேலைக்குப் போக முடியாதா? ஏ பிளஸ் இருந்தால் போதாதா? சொன்னபடி வரவில்லை என்றால் கேஸ் போடலாமா?" இவை அவருடைய கேள்விகள்.

அண்ணாச்சி,

முதலில் உங்கள் பெரிய பயத்தை இறக்கி வைத்துவிடலாம். என்.பி.ஏ. இல்லாத பிரிவில் படித்த பி.இ., பி.டெக். பட்டம் செல்லாத பட்டம் ஆகாது. ஏ.ஐ.சி.டி.இ. என்னும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் இருந்து, அண்ணா பல்கலைக்கழகம் பட்டம் தந்தால் அது முழுப் பட்டம்தான். டி.என்.பி.எஸ்.சி.யின் பொறியியல் பணித் தேர்வுக்கோ, கேட் தேர்வுக்கோ, யு.பி.எஸ்.சி.யின் பொறியியல் பணித் தேர்வுக்கோ என்.பி.ஏ. சான்று கேட்பதில்லை. அக்கா மகனுக்கு வந்த சிக்கல் வேறு வகை. அதைப் பிறகு சொல்கிறேன்.

குழப்பத்தின் வேர் நம் பேச்சிலேயே இருக்கிறது. 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லை நான்கு வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். கல்லூரி நடத்தவும் ஒரு பிரிவில் இத்தனை பேரைச் சேர்க்கவும் ஏ.ஐ.சி.டி.இ. தருவது ஒப்புதல். பாடத்தையும் பட்டத்தையும் தரும் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இருப்பது இணைப்பு. இவை இரண்டும் இல்லாமல் கடையையே திறக்க முடியாது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட நாக் என்னும் தேசிய மதிப்பீட்டு அமைப்பு கொடுக்கும் ஏ பிளஸ், கல்லூரி முழுவதற்குமான மதிப்பீடு. நூலகம், நிர்வாகம், ஆராய்ச்சி எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட கிரேடு அது. என்.பி.ஏ. ஒன்றுதான் பிரிவு பிரிவாகப் பார்க்கிறது. 1994இல் ஏ.ஐ.சி.டி.இ.க்குள் தொடங்கப்பட்டு, 2010 முதல் தனி அமைப்பாக இயங்குகிறது. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு என்.பி.ஏ. இருக்கும், பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் சிவிலுக்கு இருக்காது. ஆகவே 'எங்கள் கல்லூரிக்கு என்.பி.ஏ. உண்டு' என்ற வாக்கியமே அரைகுறை. எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதி வரை என்று இரண்டும் சொன்னால்தான் அது தகவல்.

'அப்ளை பண்ணியாச்சு' என்ற கணக்கு

பி.ஆர்.ஓ. சொன்னதை விரல் விட்டு எண்ணிப் பார்ப்போம். ஒரு பிரிவு என்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், அதிலிருந்து குறைந்தது இரண்டு அணி மாணவர்கள் படித்து முடித்து வெளியே போயிருக்க வேண்டும். 2022இல் தொடங்கிய பிரிவில் முதல் அணி 2026இல் வெளியேறும், இரண்டாம் அணி 2027இல். அதற்கு முன்னால் அந்தப் பிரிவு விண்ணப்பிக்கவே தகுதி இல்லை. அப்படியிருக்க இப்போதே அப்ளை செய்தாகிவிட்டது என்றால், அவர் வேறொரு பிரிவின் விண்ணப்பத்தைச் சொல்கிறார், அல்லது தெரியாமல் சொல்கிறார். எப்படி இருந்தாலும், இந்தப் பிரிவைப் பற்றி அவர் சொன்னதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

ஆனாலும் அவர் பேச்சின் இரண்டாம் பாதி நடக்கவே முடியாதது என்று தள்ளிவிடவும் முடியாது. உங்கள் மகன் 2026இல் சேர்ந்தால் 2030இல் முடிப்பான். 2027க்குப் பிறகு விண்ணப்பித்து, குழு வந்து பார்த்து, சான்று கிடைக்க இடைவெளி இருக்கிறது. கிடைக்குமா என்பது ஆசிரியர்களின் எண்ணிக்கை, சேர்க்கை, தேர்ச்சி, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. வரலாம், வராமலும் போகலாம். 'வந்துரும்' என்று யாரும் எழுதித் தர முடியாது.

இதிலேயே நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. சேரும்போது சான்று இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதோ முடிக்கும்போது அது நடப்பில் இருக்கிறதா என்பது. என்.பி.ஏ. ஒரு பிரிவுக்கு 6 ஆண்டுகளுக்கோ 3 ஆண்டுகளுக்கோ சான்று தரும். நம் பக்கத்துக் கல்லூரிகளின் பட்டியலைப் பார்த்தால் 3 ஆண்டுச் சான்றுகளே கண்ணில் அதிகம் படும். நான்கு வருடப் படிப்புக்கு மூன்று வருடச் சான்று! எந்த ஆண்டில் சேர்ந்தாலும் நடுவில் ஒரு புதுப்பித்தலைத் தாண்டித்தான் ஆகவேண்டும். நீங்கள் பாதுகாப்பு என்று நினைக்கும் இரண்டாவது கல்லூரியின் இ.சி.இ.க்கும் இது பொருந்தும். அதன் சான்று 30-06-2028 வரைதான், உங்கள் மகன் முடிப்பது 2030. ஆகவே அங்கே கேட்க வேண்டிய கேள்வி, இதற்கு முன் எத்தனை முறை இடைவெளி விழாமல் புதுப்பித்திருக்கிறார்கள் என்பது. தொடர்ந்து இரண்டு மூன்று முறை புதுப்பித்த பிரிவு மறுபடியும் புதுப்பிக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு முறை வாங்கி, நடுவில் இரண்டு வருடம் விட்டு, மறுபடி வாங்கியிருந்தால், அந்த இரண்டு வருடத்தில் முடித்த பிள்ளைகள் கதி என்ன என்று யோசியுங்கள்.

நீங்கள் அனுப்பிய போட்டோ

முதல் கல்லூரியின் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். அதைப் பெரிதாக்கிப் படித்தால், இருப்பது மெக்கானிக்கலும் இ.சி.இ.யும் மட்டும். காலம் '2022-23 முதல் 2024-25 வரை, அதாவது 30-06-2025 வரை'. காலாவதியாகிவிட்டது. புதுப்பித்திருக்கலாம், புதுத்தாளை மாட்ட மறந்திருக்கலாம். அதை ஊகிக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

என்.பி.ஏ.யின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. மாநிலம் தமிழ்நாடு என்று தேர்ந்து, கல்லூரிப் பெயரைத் தேடுங்கள். மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும். பிரிவின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு உள்ள சான்று, 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்டு டிசைன்' என்ற பிரிவுக்கோ ஏ.ஐ. பிரிவுக்கோ ஒட்டாது. படிப்பு இளநிலையா முதுநிலையா என்று பார்க்க வேண்டும். எம்.இ.க்கு வாங்கிய சான்றைப் பி.இ.க்கும் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. கடைசியாகத் தேதி. அதோடு ஏ.ஐ.சி.டி.இ. தளத்தில் இந்த ஆண்டுக்கான ஒப்புதல் நீட்டிப்புக் கடிதத்தில் உங்கள் பிரிவும் இடங்களின் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்.பி.ஏ. சான்றின் அடியிலேயே, அந்தப் படிப்புக்கு உரிய ஒப்புதல் இருக்கும் வரைதான் இதுவும் செல்லும் என்று எழுதியிருப்பார்கள்.

குவைத்தும் வாஷிங்டன் ஒப்பந்தமும்

அக்கா மகனுக்கு நடந்தது இதுதான். 2018இல் குவைத் அரசு, எஞ்சினியர் என்ற பதவிப் பெயரில் இகாமா புதுப்பிக்க அந்நாட்டுப் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றது. அந்தச் சங்கம் இந்தியப் பட்டங்களுக்கு என்.பி.ஏ. பட்டியலை வைத்துச் சரிபார்த்தது. நல்ல கல்லூரியில் படித்து, பல வருடம் வேலை பார்த்தவர்களும், முடித்த ஆண்டில் தங்கள் பிரிவுக்குச் சான்று இல்லாததால் நின்றுபோனார்கள். பட்டம் செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாடு, ஒரு பதவிப் பெயருக்கு, ஒரு வடிகட்டி வைத்தது. சொந்த பந்தம் பாதிப்பேர் வளைகுடாவில் இருக்கிற நம் ஊரில் அந்த வடிகட்டியை லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. வாஷிங்டன் ஒப்பந்தம் 1989இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் செய்துகொண்டது. அதன்படி ஒருவர் அங்கீகரித்த படிப்பை மற்றவர்கள் தங்கள் படிப்புக்கு நிகரானதாக ஏற்பார்கள். இந்தியா சார்பில் என்.பி.ஏ. 2014 ஜூன் 13இல் முழு உறுப்பினர் ஆனது. ஆனால் இந்தியச் சான்றுகள் எல்லாமே அதில் அடங்காது. பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் விண்ணப்பிக்கிற டயர்-1 என்னும் முதல் அடுக்கில் வாங்கியவை மட்டுமே அடங்கும். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் டயர்-2இல்தான் விண்ணப்பிக்க முடியும். காரணம் எளிது: பாடத்திட்டத்தைத் தானே வகுத்துத் தானே திருத்தும் உரிமை அவற்றுக்கு இல்லை.

அதனால் உங்கள் ஒப்பீடு கொஞ்சம் தலைகீழாகிறது. இரண்டாவது கல்லூரியின் இ.சி.இ. சான்று டயர்-2. உள்ளூர் வேலைக்கு அது ஒன்றும் குறை இல்லை, குவைத் போன்ற சரிபார்ப்புக்கும் என்.பி.ஏ. பட்டியலில் பெயர் இருக்கும். ஆனால் ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ பொறியாளராகக் குடியேறும் எண்ணம் பிற்பாடு வந்தால், வாஷிங்டன் ஒப்பந்தத்தின் சுருக்கு வழி கிடைக்காது. அவர்கள் பட்டத்தைத் தனியாக மதிப்பிடுவார்கள். முதல் கல்லூரி தன்னாட்சி என்பதால் அதன் இ.சி.இ. டயர்-1இல் புதுப்பிக்கப்பட்டிருந்தால் அந்தச் சுருக்கு வழி உண்டு. தன்னாட்சி என்றால் 'அவங்களே பேப்பர் திருத்தி மார்க் போட்டுக்கிடுவாங்க' என்று உங்கள் பக்கத்துக் கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தேர்வை அவர்களே நடத்துவார்கள், உண்மை. பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். நல்ல கையில் தன்னாட்சி நல்லது. மோசமான கையில் அதைவிட ஆபத்து வேறில்லை. எந்தக் கை என்று போர்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு நாள் போய் எண்ணிப் பாருங்கள்

என்.பி.ஏ. குழு இரண்டு மூன்று நாள் கல்லூரியில் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இணைப்புக் கல்லூரிகளுக்கு இருந்த வடிவத்தில் மொத்தம் 1000 மதிப்பெண். அதில் தொலைநோக்கு, குறிக்கோள் என்று சுவரில் எழுதி வைப்பவற்றுக்கு 60. ஆசிரியர்களுக்கு மட்டும் 200, தனித்தலைப்புகளில் அதுவே பெரியது. மாணவர் தேர்ச்சிக்கும் வேலைவாய்ப்புக்கும் சேர்த்து 150. 2025 முதல் வடிவம் மாறியிருக்கிறது, ஆனால் கண் வைக்கும் இடம் மாறவில்லை. குழு பார்ப்பதில் பாதியை நீங்களும் ஒரு நாளில் பார்த்துவிடலாம்.

எண்ணுவதற்கு எளிது ஆசிரியர்கள். ஓராண்டுக்கு 60 இடம் உள்ள பிரிவில், இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை 180 பேர். 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்ற கணக்கில் அந்தப் பிரிவுக்கென்று 9 பேர் வேண்டும். அந்த 9 பேரிலும் பேராசிரியர் 1, இணைப் பேராசிரியர் 2, உதவிப் பேராசிரியர் 6 என்பது ஏ.ஐ.சி.டி.இ. விகிதம். 120 இடம் என்றால் இரட்டிப்பு. கல்லூரி இணையதளத்தில் கட்டாய வெளிப்படுத்தல் என்ற பகுதியில் ஆசிரியர் பட்டியல் இருக்கும். அதை அச்செடுத்துக்கொண்டு போய், துறையில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். புதிய ஏ.ஐ. பிரிவுகளில் அடிக்கடி நடக்கும் தில்லுமுல்லு, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசிரியர்களையே இரண்டு துறைப் பட்டியலிலும் எழுதுவது. அதைவிடப் பெரிய மோசடியும் உண்டு. ஒரே ஆள் பல கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராகக் கணக்கில் இருந்ததை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு வெளியே கொண்டுவந்தபோது, நூற்றுக்கணக்கானோர் அப்படி இருந்தது தெரிந்தது. ஆகவே தாளில் உள்ள பெயரை விட நாற்காலியில் உள்ள ஆளை நம்புங்கள்.

அடுத்து, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நாலைந்து பேரைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்துப் பேசுங்கள், கல்லூரி ஏற்பாடு செய்து தருகிறவர்களை வேண்டாம். கேட்க வேண்டியது இரண்டுதான். வகுப்பில் எத்தனை பேருக்கு அரியர் இல்லை? போன செமஸ்டரில் நடுவில் விட்டுப் போன ஆசிரியர்கள் எத்தனை பேர்? அரியர் இல்லாமல் முடிப்பவர்களுக்கு என்.பி.ஏ. தனி மதிப்பெண் வைத்திருப்பது சும்மா இல்லை. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் பருவம் தோறும் வெளியிடுகிறது, இரண்டாவது கல்லூரிக்கு அதைப் பாருங்கள். முதல் கல்லூரியின் விழுக்காட்டை அதோடு ஒப்பிட வேண்டாம், வினாத்தாள் வேறு.

முன்பணம், சான்றிதழ், வழக்கு

25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழைக் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பது ஏ.ஐ.சி.டி.இ. விதிகளுக்கு விரோதம். அது ஒரு கல்லூரியில் மாட்டிக்கொண்டால் கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தாலும் உங்கள் கை கட்டப்பட்டிருக்கும். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டின் கட்டாய நன்கொடைத் தடைச் சட்டம் தடுக்கிறது. அதைவிட உங்களுக்கு நேரடி நட்டம் வேறு: முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் இடத்தில் சேர்ந்தால் நான்கு வருடத்துக்கும் அது போய்விடும். தாலுகா அலுவலகத்தில் முதல் பட்டதாரிச் சான்று இன்னும் வாங்கவில்லை என்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

கட்டணத்திலேயே என்.பி.ஏ. ஒளிந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2017இல் கட்டண நிர்ணயக் குழு, அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு அங்கீகாரம் இல்லாத பிரிவு என்றால் ஆண்டுக்கு 50,000, உள்ள பிரிவு என்றால் 55,000 என்று வைத்தது. தொகை பிறகு மாறலாம், உங்கள் ஆண்டின் ஆணையைப் பாருங்கள். சான்று இல்லாத பிரிவுக்குக் கூடுதல் தொகை கேட்டால், எந்தச் சான்றின் பேரில் என்று எழுத்தில் கேளுங்கள்.

வழக்கு போடலாமா என்றால், அதை நம்பிச் சேர வேண்டாம் என்பேன். கல்வி என்பது நுகர்வோர் சட்டப்படியான சேவை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு பல்கலைக்கழக வழக்கில் சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, இல்லாத இணைப்பையும் அங்கீகாரத்தையும் இருப்பதாகக் காட்டிச் சேர்த்த ஒரு பல் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. 'இருக்கிறது' என்று பொய் சொன்னதற்கும் 'வந்துரும்' என்று ஆசை காட்டியதற்கும் உள்ள தூரம் இது. பி.ஆர்.ஓ.வின் வாய்ப்பேச்சு எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. விளம்பரத் தாள், வாட்ஸாப்பில் வந்த செய்தி, போர்டின் போட்டோ, இவற்றைத் தேதியோடு எடுத்து வையுங்கள். "இந்தப் பிரிவின் என்.பி.ஏ. நிலை என்ன?" என்று கல்லூரி முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதில் வராததும் ஒரு பதில்தான்.

விருப்பப் பட்டியலை எப்படி வரிசைப்படுத்துவது

கலந்தாய்வில் நீங்கள் தேர்வது கல்லூரியும் பிரிவும் சேர்ந்த ஒரு ஜோடி. பையனுக்கு மென்பொருள்தான் ஆசை என்றால், ஏ.ஐ. என்ற பெயருக்காகவே போக வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. படித்தவர்கள் அதே வேலைகளுக்குத்தான் போகிறார்கள். என் வரிசை இப்படி இருக்கும். முதலில், போன ஆண்டு 159 கட்-ஆஃபுக்குக் கிடைத்த, என்.பி.ஏ. நடப்பில் உள்ள கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது ஐ.டி. இடங்கள். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி நான்கு மாவட்டத்தையும் விரித்துப் பாருங்கள், இரண்டு கல்லூரியோடு நிறுத்தாதீர்கள். அடுத்து முதல் கல்லூரியின் இ.சி.இ., அது டயர்-1இல் புதுப்பிக்கப்பட்டிருந்தால் மட்டும். பிறகு இரண்டாவது கல்லூரியின் இ.சி.இ. அதற்குக் கீழே முதல் கல்லூரியின் ஏ.ஐ. பிரிவு, அதுவும் அந்த 9 ஆசிரியரை நீங்கள் கண்ணால் எண்ணியிருந்தால். வளைகுடா வேலை உங்கள் வீட்டுத் திட்டத்திலேயே இல்லை என்றால் ஏ.ஐ. பிரிவை இ.சி.இ.க்கு மேலே ஏற்றிக்கொள்ளலாம், தவறில்லை.

இடம் ஒதுக்கி வந்ததும் 'ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருத்தல்' என்ற வாய்ப்பு இருக்கிறது. மேலே உள்ள இடம் காலியானால் அது தானாக வரும், வராவிட்டால் கையில் இருப்பது போகாது. பட்டியலைப் பூட்டுவதற்கு முன் அரசு பொறியியல் கல்லூரியில் உள்ள கலந்தாய்வு உதவி மையத்துக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு போய், கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் பிரிவுக் குறியீட்டையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஒரே அறக்கட்டளை நடத்தும் இரண்டு கல்லூரிகளுக்குப் பெயர் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும், எண் மட்டும் மாறும். சான்று இருப்பது ஒன்றுக்கு, நீங்கள் தட்டியது இன்னொன்று என்று ஆகிவிடக் கூடாது.